ரவுட்டரின் சாட்சியம்

சிஸ்கோ நிறுவனத்தாரின் ரவுட்டர்களில் பலவற்றுக்கு ஒரு விசித்திரமான சுபாவம் உண்டு. மின்சாரம் நின்று மறுபடி வந்ததும், நேரத்தைச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லாவிட்டால், அன்றைய தினம் 1993ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆம் தேதி என்று அவை தாமாகவே நிச்சயித்துக்கொண்டு, அந்தக் கணத்திலிருந்து காலத்தை எண்ணத் தொடங்கிவிடுகின்றன. அத்தகைய ரவுட்டரின் பதிவேட்டைப் புரட்டினால், நேற்றிரவு அறுந்த இணைப்பும், இன்று காலையில் எவரோ கடவுச்சொல்லைப் பிழையாகத் தட்டியதும், எல்லாம் 1993 மார்ச்சில் நடந்த சம்பவங்களாகவே வரிசையாக நிற்கும். ஆனால் ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். இந்த நேரத்துக்கு நான் ஜவாப்தாரி அல்ல என்பதே அந்த நட்சத்திரத்தின் தாத்பரியம். தன் சாட்சியத்தில் எந்தப் பகுதி நம்பத்தக்கதன்று என்பதைத் தானே குறித்துக் கொடுக்கும் சாட்சி, நியாயஸ்தலங்களில்கூட அபூர்வமாகவே அகப்படுவார்.

அலுவலகத்திலோ கல்லூரியிலோ ஒரு மூலையறையில் இரைந்துகொண்டிருக்கும் ரவுட்டர், தன்னிடம் வந்து சேரும் தகவல் பொட்டலங்களை எந்தத் திசையில் அனுப்புவது என்று தீர்மானிக்கும் கருவி. வழிகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் அது தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். ஆகையால், நடப்பதை எழுதிவைக்கச் செய்வது, தொலைவிலிருந்து அதனுள் சென்று நிர்வாகம் செய்வது, அதன் தேகஸ்திதியை அவ்வப்போது விசாரிப்பது ஆகிய மூன்று ஏற்பாடுகளையும் பலர் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறார்கள். இம்மூன்றையும் கையேடுகள் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்துச் சொன்னபோதிலும், அவை ஒரே கேள்வியின் மூன்று உருவங்கள் என்பது என் அபிப்பிராயம்: கருவி பழுதுபட்டோ பிறர் வசப்பட்டோ போன வேளையில், அதைப் பற்றிய சாட்சியமும் அதன்மீது நமக்குள்ள அதிகாரமும் அதற்கு வெளியே எங்கேனும் மிஞ்சியிருக்கின்றனவா?

பதிவை முதலில் எடுத்துக்கொள்வோம். ரவுட்டர் தன் குறிப்புகளை வழக்கமாகத் தன் தற்காலிக நினைவகத்தில்தான் எழுதுகிறது. இடம் நிறைந்ததும் பழைய வரிகள் அழிந்து புதியவை ஏறும். மின்சாரம் போனாலோ எல்லாமே போய்விடும். எந்த விபத்தைப் பற்றி நாம் அறிய விரும்புகிறோமோ அந்த விபத்தே அதன் சாட்சியத்தையும் துடைத்துவிடுகிறது. இதற்குப் பரிகாரமாக அமைந்தது, சிஸ்லாக் என்னும் முறை. 1980களில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், சென்ட்மெயில் என்ற தபால் நிரலை இயற்றிய எரிக் ஆல்மன், அந்நிரலின் குறிப்புகளைச் சேகரிப்பதற்காக இதை உண்டாக்கினார். அது எத்தனையோ கருவிகளுக்குப் பொதுவழக்காகப் பரவி, 2009இல்தான் முறையான தர நிர்ணயம் என்ற அந்தஸ்தைப் பெற்றது. ரவுட்டரிடம் ஒரு சர்வரின் முகவரியைக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு குறிப்பும் பிறந்த மாத்திரத்தில் 514 என்ற போர்ட் எண்ணுக்குப் பயணமாகிவிடும். பழைய முறையில், செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதற்கு ரசீது கிடையாது. நம்பகமான போக்குவரத்தும் மறைகுறியாக்கமும் வேண்டுவோர் 6514 என்ற போர்ட்டில் இயங்கும் பிற்கால முறையைக் கைக்கொள்ள வேண்டும்.

செய்தியின் முகப்பில் வரும் எண்ணைக் கண்டு புதியவர்கள் மிரளுவதுண்டு. அனுப்பும் பிரிவின் எண்ணை எட்டால் பெருக்கி, அபாயத்தின் படியைக் கூட்டியதே அது. 189 என்று வந்தால் அதை எட்டால் வகுக்க வேண்டும்: ஈவாகிய 23 பிரிவையும், மீதியாகிய 5 படியையும் தெரிவிக்கும். படிகள் பூஜ்யம் முதல் ஏழு வரை எட்டு. எண் சிறுக அபாயம் பெருகும். பூஜ்யம் என்றால் கருவி பிரயோஜனமற்றுப் போயிற்று என்றும், ஏழு என்றால் பிழை தேடுவோருக்கான சில்லறை விவரம் என்றும் கொள்ள வேண்டும். ஏழாம் படியை ஆசைப்பட்டுத் திறந்துவிடுவது ஆபத்து. கன்சோல் என்னும் நேரடிக் கம்பி பொதுவாக விநாடிக்கு 9600 பிட், அதாவது ஏறத்தாழ 960 எழுத்துகள் மட்டுமே கொண்டுசெல்லக்கூடியது. நெரிசல் மிக்க ரவுட்டர் தன் ஒவ்வொரு செய்கையையும் அதன் வழியே வர்ணிக்கப் புகுந்தால், வர்ணனையிலேயே மூச்சு முட்டி, செய்யவேண்டிய தொழிலை நிறுத்திவிடும். ஆதலால் அனுபவசாலிகள் கன்சோலில் பதிவை அடக்கிவைத்துவிட்டு, ஆறாம் படி வரையுள்ளவற்றை வெளிச் சர்வருக்கு அனுப்புவார்கள்.

சாட்சியம் வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு நான் அறிந்த திருஷ்டாந்தங்களுள் மிகச் சுவையானது, அதே பெர்க்லியில், பல்கலைக்கழகத்துக்கு மேலே குன்றின்மீது அமைந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் 1986ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானசாஸ்திரி, ஆராய்ச்சி மானியம் தீர்ந்துபோனமையால் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தார். கம்ப்யூட்டர் உபயோகத்துக்குக் கட்டணம் கணிக்கும் இரு நிரல்களின் கணக்குகளும் ஒத்துப்போகாமல் 75 சென்ட் உதைப்பதற்குக் காரணம் காணும்படி அவரிடம் சொன்னார்கள். முக்கால் டாலருக்காக யார் மெனக்கெடுவார்கள் என்று அவர் அதைத் தள்ளிவிடவில்லை. துருவிப் பார்த்தபோது, அன்னியன் ஒருவன் உள்ளே நுழைந்து நிர்வாகிக்குரிய சகல அதிகாரங்களையும் கைப்பற்றியிருப்பது வெளியாயிற்று. அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு கண்காணிப்பு நிரலை வைத்தால் அவன் அதைக் கண்டுகொள்வான், கண்டால் அழிப்பான். எனவே ஸ்டோல், வார விடுமுறையில் ஆளில்லாதிருந்த மேஜைகளிலிருந்து பிரிண்டர்களையும் டெர்மினல்களையும் திரட்டி, வெளியிலிருந்து வரும் சுமார் ஐம்பது இணைப்புகளிலும் கம்பியோடு கம்பியாகப் பொருத்திவிட்டார். வந்தவன் எவரேனும் பார்க்கிறார்களா என்று கம்ப்யூட்டரைத்தான் கேட்க முடியும். கம்ப்யூட்டருக்கோ அந்தப் பிரிண்டர்கள் இருப்பதே தெரியாது. அவன் தட்டிய எழுத்துகள் காகிதத்தில் விழுந்துகொண்டேயிருந்தன. அந்தக் காகிதங்களின் துணைகொண்டு நடந்த தேடல், மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரத்திலிருந்த மார்க்குஸ் ஹெஸ் என்பவரிடம் போய் முடிந்தது. சோவியத் உளவு ஸ்தாபனத்துக்குத் தகவல் விற்ற வழக்கில் அவர் 1990இல் தண்டிக்கப்பட்டார்.

ஆயினும் பல கருவிகளின் குறிப்புகளை ஒரே சர்வரில் குவித்தால் மட்டும் போதாது. அவற்றின் கடிகாரங்கள் ஒத்திருக்க வேண்டும், இல்லையேல் காரணம் எது, காரியம் எது என்றே விளங்காது. பின்னாளில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த டேவிட் மில்ஸ் வகுத்து, 1985இல் ஆவணமாக வெளிவந்த என்.டி.பி. என்னும் நேர ஒழுங்கு முறை இதற்காகவே உள்ளது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி செர்ட்-இன் என்னும் அரசாங்கக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பு பிறப்பித்த உத்தரவு, பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டுமென்று விதித்ததோடு, கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையத்தின் அல்லது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இசைவிக்க வேண்டுமென்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. அதிகாரிகளின் உத்தரவுகளில் இத்தகைய விவேகத்தைச் சந்திப்பது ஒரு சந்தோஷமே.

ரவுட்டரின் உடல்நிலையை விசாரிப்பதற்கு 1988 முதல் எஸ்.என்.எம்.பி. என்ற முறை இருந்துவருகிறது. 161 என்ற போர்ட்டில் கேட்டால், கருவி தன் ஒவ்வோர் இணைப்பிலும் எத்தனை பைட் வந்தது, போயிற்று என்று விடை தரும். இதன் முதல் இரண்டு பதிப்புகளில் கடவுச்சொல் ஸ்தானத்தில் இருப்பது, திறந்த கடுதாசிபோல் யாவரும் வாசிக்கும்படி செல்லும் ஒரு வார்த்தை; அதுவும் பெரும்பாலும் 'பப்ளிக்' என்றே தொழிற்சாலையில் வைக்கப்பட்டு, மாற்றுவாரின்றி அப்படியே கிடக்கும். பயனாளர் பெயரும் மறைகுறியும் கொண்ட மூன்றாம் பதிப்பை விட்டுவிட்டு இவற்றைப் பிரயோகிப்பதற்கு, சோம்பலைத் தவிர வேறு காரணம் அநேகமாக இராது. இன்னொரு பொறியும் உண்டு. பழைய எண்ணிகள் 32 பிட் அளவானவை. 429 கோடியைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணும். விநாடிக்கு ஒரு கிகாபிட் ஓடும் முழு நெரிசலில் இது ஏறத்தாழ 34 விநாடிக்கு ஒரு முறை நேரும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப்பார்க்கும் கண்காணிப்பு நிரலுக்கு, நடுவில் எண்ணி எட்டு முறை சுற்றி வந்தது தெரிய வழியில்லை. ஆகவே அது வரையும் வரைபடம், பார்வைக்கு அழகாகவும் பொருளில் அசத்தியமாகவும் இருக்கும். 64 பிட் எண்ணியைக் கேட்டால் அதே வேகத்தில் அது ஒரு சுற்றை முடிக்க நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும்.

தொலைவிலிருந்து ரவுட்டருக்குள் செல்வதற்கு நெடுங்காலம் டெல்நெட்டே வழக்கமான மார்க்கமாயிருந்தது. 1969இல் தோன்றிய அம்முறையில் கடவுச்சொல்லும் வெட்டவெளியாகவே செல்லும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் எவனோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திரட்டியதைக் கண்ட டாட்டு யுலோனென், 1995இல் எஸ்.எஸ்.ஹெச். முறையை உருவாக்கி, டெல்நெட்டின் 23க்கு முந்திய 22ஆம் போர்ட் எண்ணைக் கேட்டுப் பெற்றார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் டெல்நெட் ஒழிந்தபாடில்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர், கடவுச்சொல் இணைகளை மாத்திரம் வைத்துக்கொண்டு, டெல்நெட் வாசல் வழியே லட்சக்கணக்கான கேமராக்களையும் வீட்டு ரவுட்டர்களையும் வசப்படுத்திற்று. ஆகவே ரவுட்டரில் டெல்நெட்டை மூடி, எஸ்.எஸ்.ஹெச்.சுக்கும் இன்ன முகவரிகளிலிருந்துதான் வரலாம் என்று வரம்பு கட்டுவது அவசியம்.

ஆனால் அந்த வரம்பைக் கட்டும்போதே தன்னையும் வெளியே தள்ளிக் கதவடைத்துக்கொண்ட நிர்வாகிகள் பலர். இதற்கு அத்தொழிலில் ஓர் அழகான உபாயம் உண்டு. பத்து நிமிஷத்தில் மறுபடி தொடங்கு என்று ரவுட்டருக்கு முன்கூட்டியே கட்டளையிட்டுவிட்டு, மாற்றத்தைச் சேமிக்காமல் செய்து பார்ப்பார்கள். எல்லாம் சரியாயிருந்தால் கட்டளையை ரத்து செய்து, மாற்றத்தைச் சேமித்துவிடலாம். வெளியே தள்ளப்பட்டிருந்தால், பத்து நிமிஷத்தில் கருவி தானே விழித்து, பழைய அமைப்பையே படித்துக்கொள்ளும். ஜூனிபர் என்னும் வேறொரு நிறுவனத்தாரின் கருவிகளிலோ, குறித்த நேரத்துக்குள் உறுதி செய்யப்படாத மாற்றம் தானாகவே பின்வாங்கிவிடும்.

கருவிக்கு வெளியே அதிகாரம் மிஞ்சாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக் நிறுவனத்தில் பராமரிப்புக்காக இட்ட ஒரு கட்டளை, அதன் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலை முழுவதையும் அறுத்துவிட்டது. அத்தகைய கட்டளையைத் தடுத்திருக்க வேண்டிய சோதனை நிரலிலும் பிழை இருந்தது. கோளாற்றை விசாரிக்கும் கருவிகள் பலவும் அதே வலையை நம்பியிருந்தமையால், பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டியவன் கதியாயிற்று. அவசரத்துக்கென வைத்திருந்த தனி வலையும் அன்று கைகொடுக்கவில்லை. பொறியாளர்கள் நேரிலே தரவு மையத்துக்குச் செல்ல வேண்டியதாயிற்று. அன்னியர் நுழையாதிருக்கும்படி கட்டிய கட்டடமாதலால் அவர்களாலும் எளிதில் நுழைய முடியவில்லை. நுழைந்த பின்னும், கையால் தொட்டாலும் எளிதில் மாற்ற முடியாதபடி கெட்டிப்படுத்தியிருந்த ரவுட்டர்களோடு மல்லாட வேண்டியிருந்தது. சேவைகள் திரும்புவதற்குள் சுமார் ஆறு மணி நேரம் கழிந்துவிட்டது.