செப்புக்காசும் அதன் ஊரும்

பழங்காசு சேர்ப்போர் பொன்னையே பெரிதும் நாடுவர். மலையகத் தோட்டத்தார் பலரின் முன்னோர் வாழ்ந்த புதுக்கோட்டைச் சீமையில், 1898 இல், கி. பி. முதலாம் நூற்றாண்டு வரையிலான உரோமப் பொற்காசுகள் 501 ஒருங்கே கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் அரசன் முகம் வெட்டப்பட்டிருந்தது. மீண்டும் நாணயமாக வழங்காமைப் பொருட்டே அவ்வாறு வெட்டினர் எனக் கருதுவாருளர்.

ஈழத்திற் கிடைப்பனவோ பெரும்பாலும் கி. பி. 4, 5 ஆம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக்காசுகள். தேய்ந்து எழுத்தும் புலனாகாதவை. அவற்றைப் பார்த்து இந்நாட்டிலேயே ஆக்கிய போலிகளும் உடன் கிடைக்கின்றன. போலியென அவற்றை ஒதுக்குதல் தகாது. உள்ளூர்ச் சந்தையின் தேவையை உரைப்பன அவையே. கொட்றிங்ரன் 1924 இல் வெளியிட்ட இலங்கை நாணய நூல் இவற்றையும் ஆராய்கின்றது.

இத்தகைய காசின் மதிப்பு, அது கிடைத்த இடத்தைப் பொறுத்தது. அநுராதபுரத்து மண்ணடுக்கிற் கிடைத்த காசு வரலாற்றுச் சான்று. ஊர் மறந்த அதே காசு வெறுஞ் செம்பு. ஆதலின், அட்டனிலாயினும் நுவரெலியாவிலாயினும், தம்மிடமுள்ள காசுகளை நண்பரோடு மாற்றிக்கொள்வோர் ஊர்ப்பெயர், எடை, உடன் கிடைத்தவை ஆகியவற்றைச் சீட்டிற் குறித்தே கொடுத்தல் வேண்டும். புளியிட்டுத் தேய்ப்பதும் ஆகாது. களிம்போடு எழுத்தும் போய்விடும்.

நிலத்திற் புதிதாய்க் கண்டெடுத்தவை இம்மாற்றுக்கு உரியனவல்ல. 1815 மார்ச்சு 2 ஆம் நாளுக்கு முற்பட்ட காசு, 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள். கண்டெடுத்தவர் அதனை அரசுக்கு அறிவித்தல் வேண்டும்.