டிராக்டர் பின்னாடி ஒரு மரந்தின்னி

டென்மார்க்னு சொன்னா உங்களுக்கெல்லாம் காற்றாலையும் சைக்கிளும் லெகோவும்தான் ஞாபகம் வரும். நான் இங்க படிக்க வந்து கத்துக்கிட்ட முதல் உருப்படியான டேனிஷ் வார்த்தை வேற: ஃப்ளிஸ்ஹுகர். ஃப்ளிஸ்னா மரச்சீவல். ஹுகர்னா வெட்டுறது. ஒரு பக்கம் கிளையைக் கொடுத்தா மறுபக்கம் தீப்பெட்டி சைஸ் துண்டுகளாத் துப்புற மிஷின். கிராமப்பக்கம் போனா குட்டி டிராக்டர் பின்னாடி இதை மாட்டி வச்சிருக்கறதைப் பார்க்கலாம்.

இந்த ஊர்ல எதுக்கு இவ்வளவு கிளை? அதுக்கு ஒரு கதை இருக்கு. 1864 போர்ல டென்மார்க் தெற்குப் பக்கம் பெரிய நிலப்பரப்பை இழந்துச்சு. மிச்சமிருந்த யூட்லாந்துல ஏகப்பட்ட பொட்டல் காடு. 1866-ல என்ரிகோ டால்காஸும் கூட்டாளிகளும் ஹெடசெல்ஸ்காபெட்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சு, அந்தப் பொட்டலைத் திருத்தி மரம் நட்டாங்க. காத்து மண்ணை அள்ளிட்டுப் போகாம இருக்க வயல் ஓரமெல்லாம் மரவேலி. அந்த வேலிகளை இன்னிக்கும் கழிச்சு விட்டுக்கிட்டேதான் இருக்கணும். கழிச்ச கிளையை நினைச்ச நேரத்துல கொளுத்த முடியாது, கட்டுப்பாடு உண்டு. ஜூன் 23 ராத்திரி சங்க்ட் ஹான்ஸ் சொக்கப்பனைக்குக் கொஞ்சம் போகும். மீதி மிஷினுக்கு.

சீவலுக்கு மதிப்பும் இருக்கு. இங்க மூணுல ரெண்டு வீட்டுக்குச் சூடு குழாய் வழியாத்தான் வருது, ஊருக்குப் பொதுவா ஒரு கொதிகலன் வச்சு. அதுல பல இடத்துல எரியறது மரச்சீவல். 1997-ல புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் தீவுன்னு தேர்வான சாம்ஸோவுல, நோர்ட்பி - மோரூப் ஊர்களுக்கு வெயிலும் சீவலும் சேர்ந்துதான் குளிர்காலத்தை ஓட்டுது. யூட்லாந்துல ஓல்ஹோம்ங்கற சின்ன ஊர்ல லிண்ட்டானா கம்பெனி டிபிங்கற பேர்ல இந்த மிஷினைச் செஞ்சு வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புது.

சரி, விஷயத்துக்கு வருவோம். சனிக்கிழமைகள்ல நான் ஒரு பெரியவர் தோட்டத்துல வேலைக்குப் போறேன். எழுபது தாண்டிய மனுஷன். அவர் குட்டி டிராக்டர்ல சிப்பர் மாட்டுறப்ப கூட நின்னு பார்த்ததையும், அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்துச் சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு. புல் வெட்டற தோட்ட டிராக்டர் வேற, குட்டி டிராக்டர் வேற. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா புல்வெட்டிக்குப் பெரும்பாலும் பின்னாடி இழுவைக் கொக்கி மட்டும்தான். பிடிஓ ஷாப்டும் கிடையாது, தூக்கற லிஃப்டும் கிடையாது. அதுக்குத் தனி எஞ்சின் வச்ச சிப்பரைக் கட்டி இழுத்துட்டுப் போறதுதான் புத்திசாலித்தனம். சிலபேர் கம்பியை வெல்டிங் பண்ணி பெல்ட் போட்டு ஓட்டறாங்க. கையைக் காப்பாத்தற மூடி எதுவும் அதுல இருக்காது.

குட்டி டிராக்டர்னா நம்ம ஊர்ல ரொட்டவேட்டர் மாட்டற அதே இடம்தான். கீழே ரெண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க், நடுவுல பிடிஓ. சிப்பரைப் பின்ல மாட்ட அஞ்சு நிமிஷம் போதும். பெரியவருக்கு அரை நாள் பிடிச்சது. மிச்ச நேரமெல்லாம் கணக்கு.

முதல் கணக்கு எடை. சிப்பரோட கனம் பின் சக்கரத்துலேர்ந்து தள்ளி நிக்குது. ஏத்தம் மாதிரி, பின்னாடி இறங்கினா முன்னாடி தூக்கும். முன் சக்கரம் லேசாச்சுன்னா ஸ்டியரிங் பிடிக்காது. அதனால முன்னாடி இரும்பு எடை போடணும்.

ரெண்டாவது வேகம். பின்பக்க பிடிஓ நிமிஷத்துக்கு 540 சுத்து, அல்லது 1000. இந்த மாதிரி குட்டி டிராக்டர்ல வயித்துக்கு அடியில இருக்கற பிடிஓ 2000 வரைக்கும் சுத்தும். மாத்தி மாட்டினா கத்தித் தட்டு தாங்காது. சுத்தற திசையும் பார்க்கணும், கத்திக்கு வெட்டற பக்கம் ஒண்ணுதான்.

மூணாவது ஷாப்ட் நீளம். ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையற ரெண்டு குழாய் அது. லிஃப்ட் ஏறி இறங்கும்போது தூரம் மாறும். நீளமா இருந்தா முட்டி பேரிங்கை உடைக்கும், குட்டையா இருந்தா ஓடும்போதே கழண்டு சாட்டை மாதிரி வீசும். தூரம் ரொம்பக் குறையற நிலையில வச்சு அளந்து, ரெண்டு குழாயையும் ஒரே அளவு அறுத்து, பிசிறை அரத்தால தேய்ச்சு, கிரீஸ் போட்டு மாட்டினார். மேலே இருக்கற பிளாஸ்டிக் மூடியையும் அதே அளவு அறுத்தார்.

அந்த மூடிதான் இந்தப் பதிவே.

540 சுத்துன்னா ஒரு செகண்டுக்கு 9. ஷாப்டோட முனை 35 மில்லிமீட்டர் தடிமன், சுத்தளவு 11 சென்டிமீட்டர். அப்ப ஒரு செகண்டுல கிட்டத்தட்ட ஒரு மீட்டர் துணியைச் சுத்தும். நாலு முழ வேட்டியை முழுசா இழுக்க ரெண்டே செகண்ட். 'ஐயோ'ன்னு கத்தி யாராவது ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். இதுவே குறைச்சலான கணக்கு. துணி சுத்தச் சுத்த உருளை தடிக்கும், இன்னும் வேகமா இழுக்கும்.

ஓவர்லோடு ஆனா உடையறதுக்குன்னே ஷாப்டுல ஒரு மெல்லிசு போல்ட் இருக்கும். 'இது அடிக்கடி உடையுதே'ன்னு கெட்டி போல்ட் போட்டா அடுத்து உடையறது கியர்பாக்ஸ். அப்புறம், பிடிஓவை நிறுத்தினாலும் கனமான கத்தித் தட்டு ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே இருக்கும். சத்தம் அடங்கிடுச்சுன்னு மூடியைத் திறக்கக்கூடாது. கிளையை அடிமரப் பக்கமா உள்ளே விட்டு, உடனே ஓரமா நகர்ந்துடணும். சின்னக் குச்சிகளை இன்னொரு நீளக் கிளையால தள்ளணும். கையாலயோ காலாலயோ இல்ல.

'டென்மார்க் தாத்தா கதை நமக்கெதுக்கு'ன்னு கேக்கறீங்களா? 2018 நவம்பர் 16 கஜா புயல்ல பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாஞ்ச தென்னையை நினைச்சுப் பாருங்க. புயலை விடுங்க, சாதாரண நாள்லயே மட்டை தோப்பு நிறையக் கிடக்குது. தென்னை ஓலை தூளாக்கற மிஷினை இப்ப நம்ம வேளாண்மைப் பொறியியல் துறையே வாடகைக்கு விடுது. தூளை மரத்தடியில போட்டா ஈரம் நிக்கும், உரமும் ஆகும். நல்ல விஷயம். ஆனா அதுவும் பிடிஓதான், அதே 9 சுத்துதான். நம்ம ஆளுங்க வேட்டி, துண்டு, சேலையோடதான் பக்கத்துல நிப்பாங்க.

நமக்கு இது புதுசும் இல்ல. நெல், கோதுமை அடிக்கற மிஷின்கள்ல எத்தனையோ கூலியாளுங்க கை போனதுக்கு அப்புறம்தான் இந்தியாவுல 1983-ல ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. சட்டம் வந்தாலும் நம்ம ஊர் டிராக்டர்ல மொதல்ல கழட்டி எறியறது ஷாப்ட் மூடியைத்தான். கிரீஸ் அடிக்க இடைஞ்சலாம்! கை போறது மிஷின் ஓனருக்கு இல்ல, மட்டை தள்ற கூலியாளுக்கு. அதான் அது கழண்டே கிடக்குது.

ஊர்ல சித்தப்பாவோ மச்சானோ மட்டை மிஷின் வாங்கப் போறாங்கன்னா, இல்ல வாடகைக்கு வருதுன்னா, மணிக்கு எவ்வளவுன்னு அப்புறம் கேக்கச் சொல்லுங்க. ஷாப்டுக்கு மூடி இருக்கான்னு முன்னாடி போய்ப் பார்க்கச் சொல்லுங்க. இல்லேன்னா, 'மாட்டிட்டு வாப்பா'ன்னு வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க. ஒரு நாள் வேலை போகும், அவ்வளவுதான் :-)