வேடிக்கை பார்த்துக் கற்ற வித்தை
கிளிமானூர் ரவிவர்மா 14 வயதில், 1862இல், திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். நீர்வண்ணம் அவருக்குக் கைவந்தது. எண்ணெய் வண்ணம் பிடிபடவில்லை. வித்தை தெரிந்த அரண்மனை ஓவியரோ சொல்லித்தர மறுத்துவிட்டார். 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் அப்படித்தான். தான் தீட்டுவதை வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதித்தார்.

ரவிவர்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நீர்வண்ணம் சட்டென்று உலர்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் உலர நாளாகும்; அதற்குள் நிழலையும் ஒளியையும் குழைத்து இழைக்கலாம், தவறினால் துடைத்துவிட்டு மீண்டும் தீட்டலாம். கெடுத்தும் திருத்தியும் அவர் தானே பழகினார். 1873இல், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்குச் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது.

புதிதாகத் தூரிகை பிடிப்பவர்கள் தேர்ந்த கை ஒன்றை உற்றுப் பார்க்கலாம். பிறகு, சொந்தப் படத்தைத் தயங்காமல் துடைக்கலாம்.