சிலிண்டருக்கும் ஜன்னல் வேணும், சார்!

முன்னெல்லாம் மொட்டை மாடி எதுக்கு? வடாம் காயப்போட, பட்டம் விட, பரீட்சைக்குப் படிக்கிற சாக்கில் எதிர்மாடியைப் பார்க்க! இப்போ நிலைமையே வேற. பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளை லீவுக்கு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி: 'மாடியில ஒரு பார்பிக்யூ மேடை கட்டினா என்ன?'

வேலூர் மாவட்டம், ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூருக்கு இந்த ஆசை ரொம்பவே பொருந்தும். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை உள்ளூரிலேயே கூடுகிறது. சாயங்காலம் ஆனால் மலைக்காற்று இலவசம். கறி ரெடி, காற்று ரெடி. பாக்கி கொத்தனார்தான்! பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"மேஸ்திரி, மேல கிரானைட், நடுவுல கேஸ் அடுப்பு. கீழ சிலிண்டருக்கு ஒரு ரூம் கட்டி, கதவு போட்டு மூடிடுங்க. பார்க்க நீட்டா இருக்கணும்."

"காத்து போக ஓட்டை விட வேணாமா தம்பி?"

"மாடியே திறந்தவெளி. இதுக்கு மேல என்ன காத்து?"

இங்கேதான் சார் விவகாரம். தம்பி நிற்பது திறந்தவெளியில். சிலிண்டர் நிற்பது பீரோவுக்குள்ளே!

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரி கீழே இறங்கித் தரையோடு படுத்துக்கொள்ளும். காற்றில் நூற்றுக்குச் சுமார் 2 பங்கு கலந்தாலே போதும், ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். பி.காம். மூளையால் கணக்குப் போட்டேன். அரை கன மீட்டர் அறைக்கு 10 லிட்டர் வாயு. எடை பார்த்தால் 25 கிராம்கூட இல்லை. 14.2 கிலோ சிலிண்டருக்கு அது எந்த மூலைக்கு? ராத்திரி முழுக்கக் கசிந்து, மறுநாள் கதவைத் திறந்து லைட்டரைத் தட்டினால்... வேண்டாம், நினைக்கவே வேண்டாம்.

மூடிய இடமும் கேஸ் சிலிண்டரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீ. லக்னோவிலிருந்து வந்த பயணிகள் விதியை மீறி சிலிண்டரை உள்ளே வைத்திருந்தார்கள். 9 பேர் போய்விட்டார்கள். மழை வந்தால் மேடையைச் சுற்றி நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டுகிற நண்பர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்கட்டும்.

சரி, ஆசையை விட்டுவிடுவதா? யார் சொன்னது? அறையின் அடியில், தரையோடு தரையாக, எதிரெதிரே ஓட்டை விடச் சொல்லுங்கள். மேலேயும் விடலாம், ஆனால் கீழே இல்லாமல் மேலே மட்டும் விட்டால் பிரயோஜனமில்லை. எலி நுழையாமல் கம்பி வலை அடியுங்கள். அந்த ஓட்டை மாடிப்படிப் பக்கம் பார்க்கக் கூடாது. கேஸ் படியிறங்கி வீட்டுக்குள் வந்துவிடும்! சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். படுக்கப் போட்டால் வாயுவுக்குப் பதில் திரவமே குழாயில் வரும்.

குழாய் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாய்க்கு ஆயுள் 5 வருஷம்தான். மாடி வெயிலில் காய விடாதீர்கள், அடுப்புச் சூட்டில் படவும் விடாதீர்கள். 'நல்லாத்தானே இருக்கு' என்று பத்து வருஷம் ஓட்டுவது சிக்கனம் இல்லை சார், சூதாட்டம்.

சிலிண்டர் வாங்கும்போது கழுத்துப் பட்டையைப் பாருங்கள். 'டி-27' என்றிருந்தால் 2027 டிசம்பருக்குள் மறுபரிசோதனை என்று அர்த்தம். ஏ, பி, சி, டி என்பவை வருஷத்தின் நாலு காலாண்டுகள். ஆபீசில் காலாண்டுக் கணக்கு முடிக்கிறவருக்கு இது கஷ்டமா என்ன?

பற்ற வைக்கும்போது முதலில் மூடியைத் திறங்கள், பிறகு கேஸைத் திருகுங்கள். மூடி போட்டபடியே திருகினால் உள்ளே கேஸ் சேர்ந்து, 'டப்'பென்று புருவத்தைக் கொண்டுபோகும். இலவச மலைக்காற்று தீயை அணைத்துவிட்டாலும் கேஸ் நிற்காது. உடனே மூடி, ஐந்து நிமிஷம் பொறுத்துப் பற்ற வையுங்கள். அரட்டை சுவாரசியத்தில் அடுப்பை அநாதையாக விடாதீர்கள், முக்கியமாகக் குழந்தைகள் சுற்றி ஓடும்போது.

மூக்கை மட்டும் நம்பவும் வேண்டாம். கேஸுக்கு வாசனை சேர்த்திருக்கிறார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் காற்று ஒரு பக்கம், மசாலா வாசனை இன்னொரு பக்கம் என்றால் மூக்கு குழம்பிப் போகும். அப்படியும் நாற்றம் வந்துவிட்டால் ஸ்விட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, எல்லாரையும் விலக்கிவிட்டு, தள்ளி நின்று 1906-க்குப் போன் போடுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

கறி மசாலாவில் ஊற அரை மணி நேரமாவது ஆகும் அல்லவா? அந்த நேரத்தில் ஒரு டம்ளர் சோப்புத் தண்ணீரைக் குழாய் இணைப்புகளில் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் அன்றைக்கு ஆம்பூர் பிரியாணி வாங்கிச் சாப்பிடலாம். வராவிட்டால், தாராளமாக என்னையும் கூப்பிடலாம்!