காற்றிதழ் இரைச்சல்

காற்றிதழ் இரைச்சல் என்பது வானூர்தி இறக்கை, ஹெலிகாப்டர் விசிறி, காற்றாலை இறக்கை போன்றவற்றைக் கொந்தளிப்பான காற்று கடக்கும்போது எழும் ஒலியாகும். இவற்றின் குறுக்குவெட்டு வடிவமே காற்றிதழ் எனப்படுகிறது.

குறைந்த வேகத்தில், திறந்த வெளியில் சுழலும் காற்றுச் சுழல்கள் எழுப்பும் ஒலி மிகச் சிறியது. அதே சுழல்கள் ஒரு திண்மப் பரப்பின் விளிம்பருகே வந்தால் ஒலி பன்மடங்காகிறது. ஆகவே இறக்கையின் இரைச்சலை அதன் விளிம்புகளில்தான் தேட வேண்டும்.

எதிரே வரும் காற்றிலேயே கொந்தளிப்பு இருந்தால் முன்விளிம்பு ஒலிக்கும். ஒவ்வொரு சுழலும் காற்று வந்து மோதும் கோணத்தைக் கணநேரம் மாற்றுவதால் இறக்கையின் தூக்குவிசை ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கமே ஒலியாகப் பரவுகிறது. பெரிய சுழல்கள் தாழ்ந்த ஒலியையும் சிறியவை கீச்சொலியையும் தரும். இதைக் கணக்கிடும் முறையை ராய் அமியட் 1975இல் வெளியிட்டார்.

வரும் காற்று அமைதியாக இருந்தாலும் இறக்கை முற்றிலும் மௌனமாகிவிடாது. பரப்பை ஒட்டிய எல்லைப் படலம் தானே கொந்தளித்து, பின்விளிம்பைத் தாண்டும்போது ஒலியைச் சிதறடிக்கிறது. இவ்வொலியின் செறிவு வேகத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது என்று ஃபோக்ஸ் வில்லியம்ஸ், ஹால் ஆகியோர் 1970இல் காட்டினர். வேகம் இரட்டித்தால் செறிவு 32 மடங்காகும். அதாவது ஏறத்தாழ 15 டெசிபல் கூடும்.

காற்றாலைகளின் முக்கிய இரைச்சல் இதுவே. மிக வேகமாகச் செல்லும் நுனிப்பக்கமே அதிகம் ஒலிக்கிறது. பின்விளிம்பு ஒலி இறக்கை செல்லும் திசையில் கூடுதலாகப் பரவுவதால், கீழிறங்கும் ஒவ்வொரு இறக்கையும் தரையில் நிற்பவருக்கு ‘உஷ்’ என்று கேட்கும். குடியிருப்புகளுக்கு அருகே சில காற்றாலைகளை இரவில் மெதுவாக ஓட்டுவது இதனால்தான். உறக்கம் காக்கப்படுகிறது, மின் உற்பத்தி குறைகிறது.

வேகத்தைக் குறைக்காமல் ஒலியை மட்டும் குறைக்கும் வழிக்கு ஆந்தை ஒரு முன்மாதிரி. அதன் இறகின் முன்புறம் சீப்புப் பற்களும், பின்புறம் குஞ்சமும், மேலே பட்டுப் போன்ற மென்மயிரும் இருப்பதை ராபர்ட் கிரகாம் 1934இல் விவரித்தார். (ஆந்தை மெதுவாகப் பறப்பதும் அதற்குப் பெரிய உதவி.) இன்று பல காற்றாலைகளின் பின்விளிம்பில் ரம்பப் பற்கள் பொருத்தப்படுகின்றன. சுழல்கள் விளிம்பைச் சாய்வாகக் கடப்பதால் சில டெசிபல் குறைகிறது. பற்கள் காற்றோட்டத்துக்கு இசைவாக அமையாவிட்டால், அவையே உயர் அதிர்வெண்ணில் புது இரைச்சலை உண்டாக்கும்.