செயற்கூறு இயக்கக் கட்டுப்பாடு

செயற்கூறு இயக்கக் கட்டுப்பாடு என்பது, வலை நிரலாக்கத்தில் ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) எவ்வளவு அடிக்கடி இயங்கலாம் என்பதை வரையறுக்கும் உத்தியாகும். ஜாவாஸ்கிரிப்டில் டிபவுன்ஸ், த்ராட்டில் என்னும் இரண்டு முறைகள் பெரிதும் பயன்படுகின்றன. லோடாஷ் போன்ற நிரலகங்களில் இவை ஆயத்தமாகவே கிடைக்கின்றன.

பக்கத்தை உருட்டுதல், தட்டச்சு செய்தல் போன்ற நிகழ்வுகள் மிக நெருக்கமாக வருபவை. தமிழ்99 விசைப்பலகையில் "சென்னை" என்று தேட ச, எ, ன, ன, ஐ என ஐந்து விசைகளை அழுத்த வேண்டும். ஒவ்வொரு விசைக்கும் வழங்கிக்குக் கோரிக்கை சென்றால், அவற்றில் நான்கு வீண்.

டிபவுன்ஸ் முறையில், கடைசி நிகழ்வுக்குப் பின் குறிப்பிட்ட நேரம் (எடுத்துக்காட்டாக 300 மில்லிநொடி) அமைதி நிலவினால்தான் செயற்கூறு இயங்கும். இடையில் வரும் ஒவ்வொரு நிகழ்வும் பழைய நேரங்காட்டியை நீக்கிப் புதியதைத் தொடங்கும். பெயர் மின்னணுவியலிலிருந்து வந்தது: பொத்தானை ஒருமுறை அழுத்தினாலும் உள்ளிருக்கும் உலோகத் தொடுமுனைகள் துள்ளிப் பல அழுத்தங்களாகப் பதிவாகும், அதைத் தடுப்பதே அங்கு டிபவுன்ஸ்.

இம்முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. அமைதியே வராவிட்டால் செயற்கூறு இயங்கவே இயங்காது. 5 நொடி ஓய்வுக்குக் காத்திருக்கும் தானியங்கிச் சேமிப்பு, ஒருவர் நிறுத்தாமல் எழுதும்வரை எதையும் சேமிக்காது; அதற்குள் மின்சாரம் போனால் எழுதியதும் போகும். லோடாஷில் உள்ள மேக்ஸ்வெயிட் என்னும் உச்சவரம்பு இதற்காகவே.

த்ராட்டில், நிகழ்வுகள் ஓயாவிட்டாலும் குறித்த இடைவெளிக்கு ஒருமுறை செயற்கூற்றை இயக்கும். உருட்டுதலுக்கு இதுவே பொருத்தம். 2011 தொடக்கத்தில் ட்விட்டர் தளத்தில் பக்கத்தை உருட்டுவது மிகவும் மந்தமானது. ஒவ்வோர் உருட்டல் நிகழ்விலும் பக்க உறுப்புகளைத் தேடும் நிரல் ஓடியதே சிக்கல். ஜேகுவெரியை உருவாக்கிய ஜான் ரெசிக், உருட்டல் நடந்ததை மட்டும் அந்நேரத்தில் குறித்துக்கொண்டு, மற்ற வேலையை 250 மில்லிநொடிக்கு ஒருமுறை செய்யும் வழியைப் பரிந்துரைத்தார். அசைவூட்டங்களுக்கு இந்த இடைவெளி மிக அதிகம். 60 ஹெர்ட்ஸ் திரை ஏறக்குறைய 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், அங்கு உலாவியின் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் வசதியே ஏற்றது.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. டிபவுன்ஸ் செய்த செயற்கூற்றை நிகழ்வுதோறும் புதிதாக உருவாக்கினால், ஒவ்வொன்றுக்கும் தனி நேரங்காட்டி அமையும். ஒன்று மற்றொன்றை நீக்காது. கட்டுப்பாடு இருப்பதுபோல் தோன்றும், ஆனால் எல்லாக் கோரிக்கைகளும் சற்றுத் தாமதமாகச் சென்றுகொண்டே இருக்கும். ரியாக்டில் இத்தவறு எளிதில் நேரும்.

கோரிக்கைகள் குறைந்தாலும் விடைகளின் வரிசைக்கு உறுதியில்லை. முதலில் அனுப்பியதன் விடை பிந்தி வந்து, புதிய முடிவுகளை மறைத்துவிடலாம். பழைய கோரிக்கையை அபார்ட் கன்ட்ரோலர் மூலம் தனியே கைவிட வேண்டும்.