பிலிம் காமிராவா? டிஜிட்டல் காமிராவா?
குடும்பப் படம் எடுக்க எது நல்லது?

வீட்டில் காதுகுத்து. அல்லது, குழந்தை முதன் முதலாக எழுந்து நடக்கிறது. உடனே, "படம் எடு!" என்கிறோம்.

எதில் எடுப்பது? பீரோவில் கிடக்கும் பழைய பிலிம் காமிராவிலா? கையில் இருக்கும் செல்போனிலா?

இப்போது இளைஞர்கள் சிலர் மறுபடியும் பிலிம் காமிராவைத் தேடுகிறார்கள். "அந்தப் படத்தின் அழகே தனி" என்பது அவர்கள் கட்சி. "செலவில்லாத டிஜிட்டல் இருக்கும்போது பிலிம் எதற்கு?" என்பது மற்றவர்கள் கட்சி.

இரண்டிலும் நன்மை உண்டு. இரண்டிலும் குறை உண்டு. இதோ விவரம்:

வெள்ளி செய்யும் வேலை

பிலிம் என்பது ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் வெள்ளி கலந்த உப்பு பூசப்பட்டு இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அந்த உப்பு மாறுதல் அடைகிறது. ஆனால், அந்த மாறுதல் கண்ணுக்குத் தெரியாது.

இருட்டறையில் மருந்து நீரில் கழுவினால்தான் படம் தெரியும். வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாகும். ஆகவே வெள்ளைச் சட்டை கறுப்பாகவும், கறுத்த தலைமுடி வெளுப்பாகவும் தெரியும். இதுதான் நெகடிவ். இதில் இருந்து காகிதத்தில் எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம்.

1888-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடக்' காமிராவை விற்பனைக்குக் கொண்டு வந்தார். 1900-ல் அவரது கம்பெனி 1 டாலர் விலையில் 'பிரௌனி' காமிராவை விற்றது. சாதாரண மக்களும் படம் எடுக்கத் தொடங்கினார்கள்.

நம் நாட்டுக்கும் சொந்தமாகப் பிலிம் வேண்டும் என்று உதகமண்டலத்தில் மத்திய சர்க்கார் ஒரு தொழிற்சாலை அமைத்தது. 1967-ல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் பிலிம் வந்தது. அந்தத் தொழிற்சாலை பிறகு மூடப்பட்டு விட்டது.

எண்களால் ஆன படம்

டிஜிட்டல் காமிராவில் பிலிம் கிடையாது. பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு சில்லு இருக்கிறது. அதில் லட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பதைக் காமிரா அளந்து, எண்ணாக எழுதி வைக்கிறது. அந்த எண்களின் கூட்டம்தான் படம்!

இப்படிப்பட்ட காமிராவை முதலில் செய்தவர் யார் தெரியுமா? பிலிம் விற்ற அதே கோடக் கம்பெனியின் இளம் என்ஜினீயர் ஸ்டீவன் சாஸன். ஆண்டு 1975. அது சுமார் 3½ கிலோ எடை. ஒரு படத்தைப் பதிவு செய்ய 23 வினாடி பிடித்தது. படத்தில் இருந்த புள்ளிகள் 10 ஆயிரம்தான்.

பின்னாளில் டிஜிட்டல் பரவியது; பிலிம் விற்பனை படுத்தது. 2012-ல் கோடக் கம்பெனி திவால் மனு கொடுத்தது.

செலவு எதில் அதிகம்?

ஒரு பிலிம் ரோலில் 36 படம் எடுக்கலாம். ரோலுக்குப் பல நூறு ரூபாய் ஆகும். கழுவக் கூலி தனி. பிரிண்ட் போடக் கூலி தனி. குழந்தை கண்ணை மூடிக்கொண்டால் ஒரு படம் வீண்!

டிஜிட்டலில் இந்தக் கவலை இல்லை. எடுத்தவுடன் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம்.

"நிறைய மெகாபிக்சல் வேண்டும்" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். 1 மெகாபிக்சல் என்றால் 10 லட்சம் புள்ளி. 6 அங்குல நீளம், 4 அங்குல அகலம் உள்ள படத்தைத் தெளிவாகப் பிரிண்ட் போட, சுமார் 22 லட்சம் புள்ளி போதும். ஆல்பத்தில் ஒட்ட, சாதாரண செல்போன் காமிராவே தாராளம்!

பிள்ளையின் படம் எங்கே?

தாத்தாவின் கல்யாணப் படம் இன்றும் சுவரில் தொங்குகிறது. பேரனின் முதல் பிறந்த நாள் படம் எங்கே? செல்போனில். அந்தச் செல்போன் தண்ணீரில் விழுந்தது. அன்றோடு படமும் போயிற்று!

பல வீடுகளில் நடப்பது இதுதான். 1,000 படம் எடுக்கிறார்கள். ஒன்றைக்கூடக் காகிதத்தில் போடுவது இல்லை.

நெகடிவ் அப்படி அல்ல. ஈரமும் வெப்பமும் படாமல் வைத்தால், பல ஆண்டுகளுக்குப் பிறகும் பிரிண்ட் போடலாம். ஈரம் பட்டால் அதிலும் பூஞ்சை பிடிக்கும், படம் கெடும்.

டிஜிட்டலுக்கும் ஒரு பெரிய பலம் உண்டு. எத்தனை பிரதி எடுத்தாலும் கடைசிப் பிரதியும் முதல் பிரதி போலவே இருக்கும். அந்தப் பலத்தை நாம்தான் பயன்படுத்த வேண்டும்.

என்ன செய்யலாம்?

அன்றாடப் படங்களுக்கு டிஜிட்டலே போதும். பிலிமில் ஆசை உள்ளவர்கள், கழுவித் தரும் ஸ்டுடியோ பக்கத்தில் உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

டிஜிட்டலில் எடுப்பவர்கள் மூன்று காரியம் செய்ய வேண்டும்.

1. படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று வீட்டில், மற்றொன்று வெளியூரில் உள்ள அண்ணன் அல்லது தங்கை வீட்டில்.

2. வாட்ஸ்-அப்பில் வரும் படம் பெரும்பாலும் சுருக்கப்பட்டு வருகிறது. ஆகவே, எடுத்தவரிடம் மூலப் படத்தையே கேட்டு வாங்குங்கள்.

3. ஆண்டுக்கு ஒரு முறை 36 படங்களைப் பொறுக்கி எடுத்து, பிரிண்ட் போடுங்கள். படத்தின் பின்னால் பெயர், ஊர், தேதி எழுதி வையுங்கள்.

36 படம் என்பது ஒரு ரோல் கணக்கு. வீட்டில் ஒரு சிறு ஆல்பம் நிறைய அது போதும். பேரப் பிள்ளைகள் அதைப் புரட்டிப் பார்ப்பார்கள்.